தீபாவளி வரை ஃபிளாப்பிகளைக் காக்க வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்குகளைச் சரிசெய்யும் புதிய மென்பொருள் ஒன்று தீபாவளிக்குள் வெளிவரப்போவதாகவும், பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியில் இருப்பதைக்கூட அது முழுமையாக மீட்டுத் தந்துவிடும் என்றும் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. தயாரிப்பவர் யார், விலை என்ன, யார் சோதித்துப் பார்த்தார்கள் என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்ற ஒரே வரிதான் ஆதாரம். அந்தச் செய்தியை நம்பி மதுரையில் சிலர் எடுத்திருக்கும் முடிவு எனக்குப் பெரும் கவலை தருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிம்மக்கல்லில் பல ஆண்டுகள் டி.டி.பி. கடை, அதாவது கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் கடை, நடத்தியவள் நான். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, சித்திரைத் திருவிழா மண்டகப்படி நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, நூலகத்துக்கு வந்து போகும் ஆய்வாளர்களின் கையெழுத்துப் பிரதி என்று எல்லாமே எங்கள் மேசைக்கு வரும். வேலை முடிந்ததும் அச்சுப்படியோடு ஒரு ஃபிளாப்பியும் கொடுத்தனுப்புவோம். தொண்ணூறுகளின் மின்தடையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நின்றுபோவது அன்றாட வழக்கம் என்பதால், கெட்டுப்போன டிஸ்க்கைச் சரிசெய்யும் வேலையும் கடையோடு ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்து அச்சகக்காரர்கள் எல்லாம் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

சோழவந்தான் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வைகைக் கரை ஊர்களில் வயதான பெண்கள் பாடிய நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கேட்டு எழுதி, எங்கள் கடையில் தட்டச்சு செய்து வாங்கிப் போயிருந்தார். அச்சுப்படி வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது. ஃபிளாப்பிகள் மட்டும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஃபிளாப்பியைப் படிக்கும் கருவியான டிரைவில் போட்டு அவற்றைப் படித்து வேறு இடத்தில் சேமித்துவிடலாம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவரும் சம்மதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை செய்திக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, புதுசா ஒன்று வருகிறதாமே, எதற்கு அவசரப்பட்டுப் பழைய டிரைவில் போட்டுக் கெடுப்பது, தீபாவளி வரை பொறுத்துக்கொள்கிறேன்” என்றார். பாடிய பாட்டிகளில் இன்று உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்க்கைச் சரிசெய்யும் மென்பொருளால் எது முடியும், எது முடியாது என்பதைத் தங்கள் செய்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து 5.25 அங்குல, 360 கிலோபைட் ஃபிளாப்பியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ‘டிராக்’ எனும் வட்டப் பாதைகள் 40, டிராக்குக்கு ‘செக்டார்’ எனும் துண்டுகள் 9, செக்டாருக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 720 செக்டார். இவற்றில் முதல் 12 செக்டார்களில்தான் டிஸ்க்கின் கணக்கெல்லாம் இருக்கிறது. தொடக்கச் செக்டார் ஒன்று, எந்தக் கோப்பு எங்கெங்கே தொடர்கிறது என்று சொல்லும் ‘ஃபேட்’ அட்டவணையின் இரண்டு பிரதிகள், பிறகு கோப்புப் பெயர்களின் பட்டியல். இந்த 12 கெட்டால், மீதி 708 செக்டாரும் பழுதில்லாமல் இருந்தாலும் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவேட்டின் பக்கம் கிழிந்து போனால் நிலம் எங்கேயும் போய்விடுவதில்லை அல்லவா, அதே நிலைமைதான். கிழிந்த பக்கத்தை மற்ற ஆதாரங்களை வைத்துத் திரும்ப எழுதும் வேலையைத்தான் இந்த மென்பொருள்கள் செய்தன, மிக நன்றாகவே செய்தன.

பீட்டர் நார்டன் 1982-இல் வெளியிட்ட நார்டன் யுட்டிலிட்டீஸ் இதற்கு வழிகாட்டி. அன்றைய கம்ப்யூட்டர்களை இயக்கிய அடிப்படை மென்பொருளான டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் எழுத்துகள் உடனே அழிந்துவிடுவதில்லை. பட்டியலில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறியை வைத்துவிட்டு, அந்த இடத்தைக் காலி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்குமேல் வேறொன்று எழுதப்படாதவரை மீட்க முடியும். அதனால்தான் அழித்ததை மீட்கும்போது ‘பெயரின் முதல் எழுத்து என்ன’ என்று மென்பொருள் நம்மிடம் கேட்கும். 1991-இல் வந்த எம்.எஸ். டாஸ் 5-இலேயே இந்த வசதி சேர்ந்துவிட்டது. கடையில் திரையைப் பார்த்து முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு, கோப்பு திரும்ப வந்ததும் கண் கலங்கிய வாடிக்கையாளர்கள் உண்டு. அந்த மென்பொருள்களை எழுதியவர்கள்மேல் எனக்கு இன்றும் மிகுந்த மரியாதை இருக்கிறது.

ஆனால் பிளாஸ்டிக் தகட்டின்மேல் பூசிய காந்தப் பூச்சே உதிர்ந்துவிட்டால் படிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்காது. பூஞ்சை அதற்குத்தான் வழிவகுக்கிறது. பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியைச் சுத்தம் செய்யாமல் டிரைவில் போட்டால் அதன் படிக்கும் முனையான ஹெட் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். உரிந்த பூச்சை எந்த மென்பொருளும் திரும்ப ஒட்டவைக்காது. ‘முழுமையாக மீட்டுத் தரும்’ என்று தாங்கள் அச்சிட்ட வரி இந்த இடத்தில்தான் மக்களை ஏமாற்றுகிறது.

‘அடுத்தது வருகிறது’ என்ற பேச்சு இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1993 மார்ச்சில் எம்.எஸ். டாஸ் 6 வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் இடத்தை இரட்டிப்பாக்கும் டபுள்ஸ்பேஸ் அதில் இருந்தது. அதைப் போட்டுத் தரவுகளை இழந்ததாகப் பல நாடுகளிலிருந்தும் புகார்கள் எழுந்தன. அடுத்த பதிப்பில் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் புதிய கருவி வரும் என்ற பேச்சு மதுரைக் கடைத்தெரு வரை வந்து சேர்ந்தது. அந்த வதந்தி உண்மையாகவும் ஆயிற்று: அதே ஆண்டு இறுதியில் வந்த 6.2-இல் ஸ்கேன்டிஸ்க் இருந்தது. ஆனால் அதற்காகக் காத்திருந்தவர்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செல்லூர்ப் பக்கம் ஒரு கைத்தறிச் சங்கத்தின் கணக்கு டிஸ்க்கில் அட்டவணை குழம்பி, இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைத் தமக்கென்று காட்டிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரை நிறுத்தி இரண்டையும் வேறு டிஸ்க்கில் படியெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். புதுப் பதிப்பு வரட்டும் என்று சொல்லிவிட்டு, அதே டிஸ்க்கில் தினமும் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிய ஒவ்வொரு வரியும் பழைய உறுப்பினர் பதிவேட்டின்மேல் போய் விழுந்தது. ஸ்கேன்டிஸ்க் கையில் கிடைத்தபோது மீட்பதற்குப் பழைய பதிவு அங்கே இல்லை. நெசவாளர்களின் சேமிப்புத் தொகையைக் கைச்சீட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

வதந்தியைத் தீயவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் பிகேஜிப் மென்பொருளின் 3.0 பதிப்பு வந்துவிட்டது என்று சொல்லி 1995-இல் ஒரு போலி உலவியது. அதை ஓடவிட்டவர்களின் ஹார்ட் டிஸ்க்கை அது அழித்தது. அப்படியொரு பதிப்பையே நாங்கள் வெளியிடவில்லை என்று தயாரித்த நிறுவனம் எச்சரிக்க வேண்டியிருந்தது. புதுப் பதிப்பு வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு இருக்கும்போது, அதே பெயரில் ஒரு போலி வந்தால் நம்புவதற்கு ஆள் இருக்கும். தங்கள் செய்தியைப் படித்த ஒருவருக்கு நாளை வாட்ஸ்அப்பில் ‘இதோ அந்த மென்பொருள்’ என்று ஒரு இணைப்பு வந்தால் என்ன செய்வார்? எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நேர்மையாக உழைத்தவர்களின் மென்பொருள்கூட நாம் நினைக்கும் நாளில் வந்துவிடுவதில்லை. எண்பதுகளிலிருந்து ஹார்ட் டிஸ்க் பழுதுபார்ப்பதில் பெயர்பெற்றது ஸ்டீவ் கிப்சனின் ஸ்பின்ரைட். படிக்க முடியாத செக்டாரை விடாமல் திரும்பத் திரும்பப் படித்து, கிடைப்பதைச் சேர்த்துத் தரும் உறுதி அதன் சிறப்பு. அதன் 6.0 பதிப்பு 2004-இல் வந்தது. அடுத்த 6.1 வந்தது 2024-இல். நல்ல கருவிதான், ஆனால் இடைப்பட்ட 20 ஆண்டுகள் எந்த டிஸ்க்கும் அதற்காகக் கெடாமல் இருந்துவிடவில்லை.

ஃபிளாப்பி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதைத் தாங்கள் வெளியிட்டால் போதும். எதையும் சரிசெய்ய முயலும் முன்பு டிஸ்க்கை எழுத முடியாதபடி பூட்டுங்கள். 5.25 அங்குலத்தில் ஓரத்திலுள்ள வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும், 3.5 அங்குலத்தில் இதற்கு நேர்மாறாக, சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து வைக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் தவறாகச் செய்கிறார்கள். ‘ஃபார்மட் செய்யவா’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் படியெடுங்கள். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் செக்டார்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ளும். பழுதுபார்ப்பதெல்லாம் அந்தப் படியின்மேல் மட்டுமே நடக்கட்டும். அதற்கு டெஸ்ட்டிஸ்க் போன்றவை இன்றே இலவசமாகக் கிடைக்கின்றன. 3.5 அங்குலத்துக்கு யு.எஸ்.பி. டிரைவ் வாங்கினால் போதும். 5.25-க்குப் பழைய டிரைவும், அதை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகையும் வேண்டும். பழைய டாஸ் டிஸ்க்கில் ‘ரெக்கவர்’ என்ற கட்டளை இருந்தால் தொடவே தொடாதீர்கள். பெயர் நம்பிக்கை தந்தாலும், டிஸ்க் முழுவதற்கும் அதை ஏவினால் எல்லாக் கோப்புகளின் பெயரையும் துடைத்துவிட்டு வரிசை எண் போட்டு வைத்துவிடும். டாஸ் 6-இல் அதை நீக்கியே விட்டார்கள்.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தங்கள் செய்தியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதற்கு அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. பாமினி எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் என்று பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்ட பிறகும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டில்தான் கிடக்கின்றன. கோப்பு முழுதாகக் கிடைத்தாலும் அதை இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்ற, எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய அச்சகக்காரர்களும் தட்டச்சுப் பெண்களும் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். கீழமாசி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் இருந்த பல கடைகள் மூடியாகிவிட்டது. கேட்க வேண்டியவர்களைக் கேட்க வேண்டிய காலம் இது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். மென்பொருள் வெளியீட்டுச் செய்தியை, தயாரித்தவர் பெயரும் வெளியிட்ட நாளும் கையில் இருந்தால் மட்டும் அச்சிடுங்கள். வருமாம், வரக்கூடும் என்பவற்றைத் தயவுசெய்து தவிருங்கள். அந்த ஞாயிறு செய்திக்கு, அதே பக்கத்தில் அதே அளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். உள்பக்க மூலையில் நான்கு வரி போட்டால் சோழவந்தான் ஆசிரியர் போன்றவர்கள் கண்ணில் அது படாது.

5.25 அங்குல டிரைவ் ஒன்று என்னிடம் இன்னும் ஓடுகிறது. கல்லூரிகளிலும் பழைய அச்சகங்களிலும் வேறு சிலரிடமும் இருக்கலாம். அவர்களும் முன்வந்தால் வேலை விரைவாகும். தட்டச்சு செய்த பழைய ஃபிளாப்பி வைத்திருப்பவர்கள் தங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதட்டும். கட்டணம் எதுவும் வேண்டாம். அப்போது எடுத்த அச்சுப்படியில் ஒரு பக்கமாவது இருந்தால் எழுத்துருவை அடையாளம் காண உதவும். அதையும், படியை வாங்கிக்கொள்ள ஒரு பென் டிரைவையும் உடன் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சிம்மக்கல், மதுரை.