வாடகை வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, பிராட்வே, என்.எஸ்.சி. போஸ் சாலை என்று வடசென்னையின் நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பங்களோடு வேலை செய்யும் சின்ன அமைப்பு எங்களுடையது. இந்த ஆண்டு அவர்களில் சிலர் நடைபாதையை விட்டு வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கேள்விப்பட்டவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. படித்தால் உங்களைத்தான் சொல்கிறோம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி வீடு கொடுத்தவர்களுக்கு. நடைபாதையில் இருப்பவர்களால் வாடகை கட்ட முடியாது என்றுதான் வெளியே பலர் நினைக்கிறார்கள். புருஷன் பாரிமுனையில் மூட்டை தூக்குகிறார், மனைவி வீட்டு வேலைக்கோ பாத்திரம் தேய்க்கவோ போகிறார், இருவர் வருமானத்தையும் சேர்த்தால் ஓர் அறை வீட்டு வாடகையை மாதாமாதம் கொடுத்துவிட முடிகிறது. முடியாதது அட்வான்ஸ்தான். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்கிறது 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஆனால் சென்னையில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தினக்கூலி வாங்குகிறவர்கள் அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் எங்கே போய்ப் புரட்டுவார்கள்? அதையும் எப்படியோ தாண்டினால் அடுத்த கேள்வி, “இப்போ எங்க குடியிருக்கீங்க?” பிளாட்பாரம் என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

புளியந்தோப்பில் ஒரு அக்கா அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் பேச்சைத் தொடர்ந்தார். “பசங்க எத்தனை பேரு? மோட்டார் காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டிதான் போடுவேன், தண்ணிய புடிச்சி வச்சிக்கணும்” என்றார். மற்ற எல்லோரிடமும் சொல்வதையே இவர்களிடமும் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்றார். அதோடு விடாமல், தன் தெருவில் வீடு வைத்திருக்கும் இன்னும் இருவரிடம் எங்களுக்காகப் பேசினார். நாங்கள் மாதக்கணக்கில் படியேறி இறங்கியும் திறக்காத கதவுகள் அவர் சொன்ன ஒரு சொல்லில் திறந்தன. அக்கா, அந்தத் தெருவில் உங்கள் வார்த்தைக்கு இருக்கும் மரியாதையை எங்கள் பிள்ளைகளுக்காகக் கொடுத்தீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அந்த இரண்டு மாத அட்வான்ஸ் வந்தது சௌகார்பேட்டைப் பாத்திரக் கடைக்காரர்களும் அவர்கள் நண்பர்களும் சேர்த்துக் கொடுத்த தொகையிலிருந்து. நன்கொடையாகவே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். குடும்பங்கள்தான், குறிப்பாகப் பெண்கள், கடனாகக் கொடுங்கள், கட்டிவிடுகிறோம் என்றார்கள். அதன்படி மாதம் கொஞ்சமாகத் திரும்பி வருகிற பணம் அடுத்த குடும்பத்தின் அட்வான்ஸாகப் போகிறது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா, ஒரு ரூபாய் பிசகாமல் அந்தக் கணக்கை எழுதுகிறார். தவணை தள்ளிப் போனால், “உடம்பு சரியில்லையாம்மா?” என்றுதான் முதலில் விசாரிப்பார். ஐயா, அந்த ஒரு கேள்விக்காகவே வீட்டுக்கு வீடு உங்களைக் கும்பிடுகிறார்கள்.

அடுத்தது காகிதங்கள். முகவரி இல்லாதவருக்கு அடையாள அட்டை கிடைப்பது கஷ்டம். அட்டை இல்லாதவருக்கு முகவரி கிடைப்பதும் கஷ்டம். இந்த முடிச்சை எங்கள் அமைப்பு மட்டும் அவிழ்த்திருக்கவே முடியாது. ஆதாருக்கு வார்டு கவுன்சிலர் படிவத்தில் சான்றளித்துக் கையெழுத்திடலாம், அது மூன்று மாதம் செல்லும். அந்தக் கையெழுத்துக்காக நாங்கள் போன ஒவ்வொரு முறையும் எங்களை உட்காரவைத்து, பெயர்களைச் சரிபார்த்துப் போட்டுக்கொடுத்த கவுன்சிலருக்கும் அவர் அலுவலகத் தம்பிக்கும் நன்றி. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. பகலெல்லாம் தன் வேலையை முடித்துவிட்டு, ராத்திரி டார்ச் லைட்டோடு வந்து ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துப்போன அந்த அலுவலரை, எங்கள் டீச்சரம்மாவை, யானைகவுனி மறக்காது.

ஒரு முறை நடைபாதையைக் காலி செய்ய வந்தவர்கள் துணி மூட்டைகளை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூட்டைக்குள்தான் ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருந்தன. பல மாத அலைச்சல் ஒரே காலையில் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடை அண்ணன் அன்று சாயங்காலமே எங்களைக் கூப்பிட்டு, கடைப் பரணைக் காட்டினார். இன்று அந்தப் பரணில் குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொடுப்பார், நகலுக்குக் காசு வாங்க மாட்டார். மழையோ லாரியோ எது வந்தாலும் அந்தத் தாள்களுக்கு இனி பயமில்லை. இந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் எது பெரியது என்று கேட்டால், நான் அந்தப் பரணைத்தான் சொல்வேன்.

தொலைந்த தாள்களைத் திரும்ப வாங்கித் தந்தவர்கள், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களும் இரண்டு இளம் வக்கீல்களும். மனு எழுதியதோடு நிற்காமல் கூடவே வந்து வரிசையில் நின்றார்கள். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இரவில் நடந்து குடும்பப் பட்டியல் எடுத்துத் தந்தார்கள். அது இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்காது.

மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. எங்களிடமிருந்து ஒரு தாளும் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டீர்கள். காலை உணவுக்கு முன்பே வந்துவிடும் பிள்ளைகள் கைகால் கழுவ இடம் ஒதுக்கிக் கொடுத்தீர்கள். குடும்பம் புளியந்தோப்புக்குப் போன பிறகும் பரீட்சை முடியும்வரை பிள்ளைகள் அதே பள்ளிக்கு வரட்டும் என்றதும், ஆட்டோ அண்ணன் ஒருவர் தினமும் கூட்டிவர முன்வந்தார். டீசல் செலவுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம், “எம்பசங்களும் அந்த வழிதான்” என்று சொல்லிவிட்டார்.

காப்பகங்கள் இருக்கின்றனவே, அங்கே ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ல் உத்தரவிட்டது, சென்னையிலும் காப்பகங்கள் இயங்குகின்றன. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷனையும் வளர்ந்த மகனையும் ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, சின்னப் பிள்ளைகளோடு தாய் இன்னொரு பக்கம் போக வேண்டும். இருப்பது குடும்பம் ஒன்றுதான், அதையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. அதனால் மழைக்காலத்தில் குடும்பமாகவே தங்கட்டும் என்று கூடத்தைத் திறந்துவிட்ட மண்ணடிப் பள்ளிவாசல் பெரியவர்களுக்கும், தார்ப்பாயும் பாலும் கொண்டுவந்த ராயபுரம் மாதா கோயில் இளைஞர்களுக்கும் நன்றி. சமையல் செய்து அனுப்பிய கல்யாணச் சமையல்காரர்களுக்கும்தான்.

புது வீட்டில் அடுப்பு பற்றவைக்க, முகவரிச் சான்றில்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கலாம் என்று சொல்லித்தந்தவர் ஒரு கேஸ் ஏஜென்சி ஊழியர். தனிச் சமையல் நடக்கிறதா என்று ரேஷன் கார்டு விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது, அந்தச் சிலிண்டர்தான் கைகொடுத்தது.

வீட்டுக்குப் போன பெண்களே, உங்களுக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபாதைக்கு வந்து, எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறீர்கள். எங்களைவிட நீங்கள் சொல்வதைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

அக்டோபர் மழைக்கு முன்னால் இன்னும் சில குடும்பங்களுக்கு வீடு பார்க்க வேண்டும். அட்வான்ஸ் பணம் கையில் இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் ஓர் அறை காலியாக இருந்தால், அல்லது காலியாகப் போவது தெரிந்தால், ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு நாங்களே வந்து பேசுகிறோம்.

நன்றியுடன்,
நடைபாதைக் குடும்பங்களோடு வேலை செய்யும் உங்கள் குழுவினர்