மிரீனாவைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்ப்பப்பைக்குள் வைக்கிற மிரீனா என்கிற ஹார்மோன் காயில் எனக்கு எப்படி இருந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது "நல்லாத்தான் இருந்தது, பயப்படாதே" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன். கூடத்தில் அப்பாவைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் இது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உனக்குக் கருத்தடை மாத்திரை வேண்டாம் என்று அங்கே பிரிட்டனில் சொன்னது சரிதான். கண்ணில் மின்னல் மின்னிவிட்டு வருகிற மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது, பக்கவாத ஆபத்து கூடும். ஹார்மோன் காயிலில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. அந்த மட்டில் உன் நர்ஸ் நல்ல வழியைத்தான் காட்டியிருக்கிறார்.

நான் போட்டுக்கொண்ட காரணம் வேறு. தம்பி பிறந்த கையோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகு உதிரப்போக்கு அதிகமானது, கட்டி கட்டியாகப் போகும். வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்தால் முதலில் சேலையின் பின்பக்கத்தைத்தான் தொட்டுப் பார்ப்பேன். பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் மேற்பார்வை என்றால் முந்தின ராத்திரியே பயம் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. நீ அப்போது ப்ளஸ் டூ. "ஏம்மா எப்பவும் படுத்தே கிடக்கே" என்று கேட்பாய்.

ஸ்கேனில் யூட்ரஸ் பல்க்கியாக, அதாவது கர்ப்பப்பை பருத்து இருக்கிறது என்று வந்தது. முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்கவில்லை, "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, எடுத்துடலாமே" என்றார். கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்கு உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை இருக்கிறது, மிரீனா இருக்கிறது என்று எதுவுமே சொல்லாமல் எடுத்த எடுப்பில் கத்தியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மராட்டியத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் வந்ததே, நினைவிருக்கிறதா? விலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம் பிடிப்பார்கள் என்று அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதுரையில் பார்த்த இரண்டாவது டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். முதலில் டிஎன்சி, அதாவது கர்ப்பப்பையின் உள் சவ்வைச் சுரண்டி எடுப்பது, அதைச் செய்து, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி, புற்றுநோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் மிரீனா பேச்சையே எடுத்தார். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள டி வடிவப் பிளாஸ்டிக். அதன் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்கிற ஹார்மோன். ஆரம்பத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் அது கர்ப்பப்பைக்குள் கசியும். உள் சவ்வு தடிக்காது, கர்ப்பப்பை வாயில் இருக்கிற சளி கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது. ஃபின்லாந்தில் தபானி லூக்கைனன் என்கிற டாக்டர் பல வருஷம் பாடுபட்டு உருவாக்கியது, 1990-ல் அங்கேதான் முதலில் விற்பனைக்கு வந்தது. உயிரியல் பாடம் எடுக்கிற எனக்கே அதுவரை காப்பர் டி-க்கு மேல் எதுவும் தெரியாது. மருந்துக் கடைப் பையன் வேறு, "ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு எதுக்கு மேடம் இது?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான். ரத்தப்போக்கை நிறுத்தவும் இதைப் போடுவார்கள் என்பது அவனுக்கு மட்டுமல்ல, நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

போட்ட பிறகு ஆரம்ப மாதங்கள் சுலபமாக இல்லை. பெரும்போக்கு நின்றது, ஆனால் தினமும் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. மார்பு கனத்தது, தாடையில் பரு வந்தது. உடம்பைவிட வீட்டில்தான் சிரமம் அதிகம். டவுன் ஆச்சி உயிரோடு இருந்த காலம். விளக்கேற்றலாமா கூடாதா, கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்று தினமும் ஒரு விசாரணை. "இன்னும் குளிக்கலையா நீ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதம் வரை இப்படி இருக்கும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் பொறுத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் ஓடிப்போய் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஒருநாள் முழுசாக நின்றது. உடனே ஆச்சிக்கு வேறு கவலை, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுமே என்று. எதுவும் தங்காது பாப்பா. விதைக்காத வயலில் அறுப்பு எங்கிருந்து வரும்? சவ்வு வளர்ந்தால்தானே உதிரும். மிரீனா போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முதல் வருஷ முடிவில் விலக்கே வராது. மற்றவர்களுக்குக் குறைவாக வரும். உனக்கும் நின்றுபோனால் பதறாதே. ஹீமோகுளோபின் 12-க்கு ஏறியது. அந்த வருஷம்தான் உங்களோடு குற்றாலத்துக்கு வந்து, பையில் நாப்கின் கட்டு இல்லாமல் அருவியில் நின்றேன். ஐந்து வருஷம் கழித்து மாற்றிப் போட்டேன், விலக்கு நிற்கும் வயது வந்ததும் எடுத்துவிட்டேன்.

இது என் உடம்பு சொன்ன கதை. உன் சித்தியின் கதை வேறு. என்னைப் பார்த்துத்தான் அவளும் போட்டாள். சில மாதத்தில் முகமே மாறிவிட்டது. காரணமில்லாமல் அழுவாள், சமையலைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். எடுத்துவிடச் சொல்லிப் போனால், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, கொஞ்சம் பொறுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனாள், மறுபடியும் அதே பேச்சு. கடைசியில் வேறு இடத்தில் எடுத்தாள், காயிலின் அடியில் தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தார்கள், ஒரு நிமிஷ வேலை. சில வாரத்தில் பழைய ஆளாகிவிட்டாள். 2016-ல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தியவர்கள் மனச்சோர்வு மருந்து தொடங்கியது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, இந்தக் காயில் போட்டவர்களும் அதில் அடக்கம். இதுதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து நிரூபிக்க முடியாது, பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகவும் இல்லை. ஆனாலும் ஒரு பெண் தன் மனசு சரியில்லை என்று சொன்னால் அதை நம்புவதற்கு ஆய்வு எதற்கு? குழந்தை பிறந்தபோது உனக்கும் கொஞ்ச நாள் மனசு சரியில்லாமல் இருந்தது. அதை அவர்களிடம் மறைக்காமல் சொல். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, நம்மிடம் வருகிற மாற்றம் கூட இருப்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

போடுவதைவிட எடுப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கடையம் ஆச்சிக்கு முகாமில் லூப் போட்டார்கள். 1965-ல் அரசாங்கம் லிப்பிஸ் லூப் என்கிற பிளாஸ்டிக் கருத்தடைச் சுருளைக் கொண்டுவந்து, ஊர் ஊராக இலக்கு வைத்துப் போட்ட காலம். வலிக்கும், ரத்தம் போகும் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. போட்ட பிறகு வலி தாங்காமல் நடையாக நடந்தாள், அப்போதும் எடுத்துவிட ஆளில்லை. இன்றைக்கும் பிரசவ மேஜையிலேயே கேட்காமல் காப்பர் டி போட்டுவிட்டார்கள் என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். நல்ல சாதனமாகவே இருக்கட்டும், வேண்டாம் என்று நீ சொல்கிற அன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். "ஒரு வருஷமாவது வைத்திருங்கள்" என்றால் கேட்டுக்கொள், முடிவு உன்னுடையது. எப்படி எடுப்பீர்கள், எத்தனை நாளில் நேரம் கிடைக்கும் என்று போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடு.

வலியைப் பற்றிக் கேட்டாய். என் அனுபவம் உனக்கு உதவாது, எனக்குக் கொஞ்ச நேர மயக்கம் கொடுத்துத்தான் போட்டார்கள். அங்கே கிளினிக்கில் முழித்திருக்கும்போதே போடுவார்கள். சிலருக்கு ஒரு சுருக்கென்ற வலியோடு போய்விடும். சிலருக்கு அப்படி இல்லை. பிபிசியில் வரும் நாகா முஞ்செட்டி 2021 ஜூனில் வானொலியில் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய்: மரத்துப்போகிற ஊசி எதுவும் கொடுக்கவில்லை, இரண்டு முறை மயங்கிவிட்டார், அவர் போட்ட சத்தம் வெளியே காத்திருந்த கணவர் காதுக்கு எட்டியது. அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் தங்கள் வலியை வெளியே சொன்னார்கள். 2024-ல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி கூட, காயில் போடும் முன் வலியைப் பற்றி எல்லாரிடமும் பேச வேண்டும், மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் மருந்து உதவலாம் என்று எழுதியது.

உனக்கு சிசேரியன் ஆனதால் கர்ப்பப்பை வாய் வழியாகப் பிள்ளை வந்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வலி கூடுதலாக இருக்கலாம். அதனால் லிடோகெயின் ஜெல்லோ ஊசியோ தருவீர்களா என்று அப்பாயிண்ட்மெண்ட் வாங்கும்போதே கேள். அவர்களால் முடியாது என்றால் முடிகிற இடத்துக்கு அனுப்பச் சொல். நடுவில் தாங்கவில்லை என்றால் "நிறுத்துங்கள்" என்று சொல், நிறுத்தியே ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால்தான் நல்ல பெண் என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். நீ அப்படி இருக்க வேண்டாம். அன்றைக்குத் தனியாகப் போகாதே, மாப்பிள்ளை லீவு போடட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். குட்டிக்கு நீ இன்னும் பால் கொடுக்கிறாய். மருந்து பாலில் சேர்வது ரொம்பக் கொஞ்சம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் போட்டால் கர்ப்பப்பைச் சுவரைக் குத்திவிடும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அப்போதும் அது அபூர்வம்தான், இருந்தாலும் பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடு. போட்ட பிறகு மாதம் ஒருமுறை நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பார். இருபதில் ஒருவருக்கு அது தானாக நழுவி வெளியே வந்துவிடும், என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சருக்கு அப்படித்தான் ஆனது. நூல் கிடைக்கவில்லை என்றாலும், காய்ச்சலோ கெட்ட வாடையோ குறையாத அடிவயிற்று வலியோ வந்தாலும் காத்திருக்காமல் போய்க் காட்டு.

அடுத்த பிள்ளை எப்போது என்று உன் மாமியார் கேட்டார்களாமே. எடுத்துவிட்டால் கருத்தரிக்கிற வாய்ப்பு சீக்கிரமே திரும்பிவிடும், அதில் உனக்குக் கவலை வேண்டாம். ஆனால் நீ என்ன போட்டிருக்கிறாய் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என்னிடம் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

போட்டுக்கொண்டாலும் சரி, காப்பர் டி போதும் என்றாலும் சரி, இப்போதைக்கு எதுவுமே வேண்டாம் என்றாலும் சரி. அங்கே அரசாங்க மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்-ல் கருத்தடை எதற்கும் காசு கிடையாது, அதனால் அவசரப்பட்டு முடிவெடுக்காதே. தேதி முடிவானால் முதல் நாளே சொல். நம் ஊர் சாயங்காலம் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன், முடிந்ததும் கூப்பிடு. இந்த முறை மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா