காரணம் தேடாமல் இரண்டு முறை கிளச் பிளேட் மாற்றியமை தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
சேவை மற்றும் உதிரிப்பாகப் பிரிவு,
கிளிநொச்சிக் கிளை.

ஒட்டுசுட்டான்,
ஜூலை 7.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய கிராமங்களில் காலை ஐந்தரை மணி முதல் வீடு வீடாகப் பால் சேகரித்து, வெயில் ஏறுமுன் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைப்பதே எனது தொழில். இதற்கு நான் பயன்படுத்துவது மீளக்குடியமர்ந்த பின், 2011 ஆம் ஆண்டில் வாங்கிய 100 சிசி மோட்டார் சைக்கிள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து புதிய வண்டி வாங்குவது என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டதால், இருக்கும் வண்டியைப் பழுது பார்த்து ஓடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அதனால்தான் அருகிலுள்ள சிறு கராஜ்களை விட்டுவிட்டு, ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் வந்து உங்கள் நிலையத்தில் வேலை கொடுத்தேன்.

முதலில் உங்களிடம் வந்தது மார்ச் 11 ஆம் திகதி. பால் கான்கள் நிரம்பிய வண்டி குளக்கட்டில் ஏறும்போது அக்சிலரேற்றரைத் திருகினால் எஞ்சின் இரைந்ததே தவிர, வண்டி முன்னேறவில்லை. நான்காம் கியரில் எதிர்காற்று அடித்தாலும் அதே நிலைதான். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் எஞ்சின் பக்கமாக ஒரு கருகல் மணம் வந்தது. இவை அனைத்தையும் நான் சொன்னேன், பதிவேட்டிலும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரேனும் வண்டியை வீதிக்கு எடுத்துச் சென்று ஓடிப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்தில், எஞ்சினின் பலத்தைக் கியருக்குக் கடத்தும் கிளச் பிளேட் செற்றை மாற்றி, ஒயிலும் மாற்றி, 6,850 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டுத் தந்தார்கள். அதன் பின்புறத்தில் உதிரிப்பாகங்களுக்கும் வேலைக்கும் மூன்று மாதம் அல்லது 3,000 கிலோமீற்றர் உத்தரவாதம் என்று அச்சிடப்பட்டுள்ளது.

ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் ஓடியபின் அதே வழுக்கல் திரும்பி வந்தது. ஏப்ரல் 22 ஆம் திகதி மறுபடியும் வந்தபோது, நான் கிளச்சைப் பாதி பிடித்தபடி ஓடுவதால்தான் பிளேட் தேய்கிறது என்றும், அதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்றும் சொல்லி, இன்னொரு பிளேட் செற்றுக்கும் ஒயிலுக்கும் கூலிக்குமாக 7,400 ரூபாய் அறவிட்டார்கள். பதினான்கு வருடங்களாக அதே வண்டியை அதே பாதையில் ஓடுபவன் என்று நான் சொன்னது அங்கே எடுபடவில்லை. இந்த முறை 900 கிலோமீற்றர்கூடத் தாங்கவில்லை.

மே 20 ஆம் திகதி காலையில் கற்சிலைமடுப் பக்கம் வண்டி முழுதாக நின்றுபோனது. நிலையத்துக்குப் பால் போய்ச் சேரும்போது பத்து மணி கடந்துவிட்டது. சோதித்தபோது புளிப்பு ஏறியிருந்ததால் 58 லீற்றரும் திருப்பி அனுப்பப்பட்டது. அந்தப் பாலைக் கறந்து தந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடுகளை மட்டும் வைத்துக் குடும்பத்தைத் தனியாகக் கொண்டுபோகும் பெண்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களுக்கு அன்றைய காசை என் கையிலிருந்து கொடுத்தேன். அன்று பிற்பகலே சிறு லொறி ஒன்றில் வண்டியை ஏற்றிக்கொண்டு உங்களிடம் வந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு நிமிடம் எஞ்சினை இயக்கிக் கேட்டுவிட்டு, எஞ்சின் தேய்ந்துவிட்டது, போர் அடித்து, அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, பிஸ்டன் மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் வரும் என்று மதிப்பீடு எழுதித் தந்தார். அந்தத் தாளும் என்னிடம் உள்ளது.

அதை ஏற்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. எஞ்சின் பலமிழந்திருந்தால் அக்சிலரேற்றரைத் திருகும்போது சத்தமே தயங்கித் தயங்கித்தான் ஏறும். எனது வண்டியிலோ சத்தம் உடனே ஏறியது. வேகம் மட்டுமே ஏறவில்லை. புகையும் இல்லை, ஒயில் அளவும் குறையவில்லை. எஞ்சினில் பிறக்கும் பலம் சில்லுக்குப் போகும் வழியில் எங்கோ நழுவுகிறது என்பதை வண்டி ஓடத் தெரிந்த எவரும் இதிலிருந்தே அறியலாம்.

முள்ளியவளையில் நீண்ட காலமாகக் கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். அவர் எதையும் கழற்றுமுன் கைப்பிடியிலுள்ள கிளச் லீவரைத்தான் இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்க வேண்டும். எனது வண்டியில் துளியளவும் இருக்கவில்லை. மேலும் கீழும் உள்ள சரிசெய்யும் நட்டுகள் இரண்டும் கேபிளை இழுத்துப் பிடித்தபடி கடைசிவரை திருகப்பட்டிருந்தன. அப்படி இருந்தால், நான் லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளச்சைச் சற்றே விடுவித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்குகளின் அழுத்தம் பிளேட்டுகளில் முழுமையாக விழாது. புதிய பிளேட் போட்ட பின் தளர்வை அளந்து வைப்பது அந்த வேலையின் கடைசிப் படி. உங்கள் நிலையத்தில் இரண்டு முறையும் அது செய்யப்படவில்லை. கிளச்சைப் பாதி பிடித்து ஓடுவதாக என்மேல் சாட்டப்பட்ட குற்றத்தைச் செய்துகொண்டிருந்தது நீங்கள் இறுக்கிவிட்ட கேபிள்தான்.

வலப்பக்க மூடியைத் திறந்து பார்த்தபோது உராய்வு பிளேட்டுகள் கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கின. புதிதாக 3 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டியவை 900 கிலோமீற்றரில் 2.5 க்கு வந்திருந்ததை வேனியர் என்ற அளவுகருவியால் அளந்து என் கண்முன்னே காட்டினார். அவற்றுக்கு இடையே வரும் இரும்புப் பிளேட்டுகள் சூட்டினால் நீலம் பாரித்திருந்தன. தட்டையான கண்ணாடியின்மேல் வைத்தபோது 0.3 மில்லிமீற்றர் தகடு அடியில் தடையின்றி நுழைந்தது. ஸ்பிரிங்குகள் நான்கும் புதியவற்றைவிடக் குட்டையாகச் சோர்ந்திருந்தன. உங்கள் பற்றுச்சீட்டு இரண்டிலும் இரும்புப் பிளேட்டோ ஸ்பிரிங்கோ ஒரு வரியிலும் இல்லை. வளைந்த இரும்புக்கும் சோர்ந்த ஸ்பிரிங்குக்கும் நடுவே புதிய உராய்வு பிளேட்டை எத்தனை முறை வைத்தாலும் அது எரிந்துதான் போகும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக மனவருத்தம் தந்தது ஒயில் விடயம். உங்கள் நிலையத்தில் ஊற்றிய ஒயிலின் வெறும் கானை, மண்ணெண்ணெய் வைக்க உதவும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதைப் பார்த்ததும் பெரியவர் வேலையை நிறுத்திவிட்டார். அது பெற்றோல் கார்களுக்கான, எரிபொருள் சிக்கனத்துக்கென உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்த்த ஒயில். காரில் கிளச் எஞ்சின் ஒயிலில் நனைவதில்லை என்பதால் அங்கே அதனால் தீங்கில்லை. எமது மோட்டார் சைக்கிள்களிலோ எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான்; உராய்ந்து பிடிக்க வேண்டிய பிளேட்டுகளை அந்த இரசாயனம் வழுக்கச் செய்கிறது. இதற்காகவே ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ என்ற குறி ஒயில் கான்களில் அச்சிடப்படுகிறது. உங்கள் கானில் அந்தக் குறி இல்லை. மோட்டார் சைக்கிள் சேவைக்கென்றே நடத்தப்படும் நிலையத்தில், பயிற்சி பெற்ற கைகளால் இது ஊற்றப்பட்டது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

பெரியவர் உராய்வு பிளேட், இரும்புப் பிளேட், ஸ்பிரிங் அனைத்தையும் புதிதாக வாங்குவித்தார். உராய்வு பிளேட்டுகளை ஓர் இரவு முழுவதும் சரியான ஒயிலில் ஊறவைத்து, மறுநாள் பூட்டி, ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, புதிய கஸ்கெற் வைத்து மூடினார். ஜாசோ எம்ஏ குறியுள்ள, 10டபிள்யூ-30 தடிப்பு அளவு கொண்ட ஒயில் ஊற்றி, லீவரில் 15 மில்லிமீற்றர் தளர்வு வைத்தார். பழைய ஒயிலின் மிச்சம் போகட்டும் என்று 300 கிலோமீற்றரில் மீண்டும் ஒருமுறை ஒயில் மாற்றச் சொன்னார், மாற்றினேன். மொத்தச் செலவு 11,200 ரூபாய். அன்றிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர், அதே கான்கள், அதே குளக்கட்டு, இப்போது வீசும் சோளகக் காற்று. வண்டி ஒருமுறையேனும் வழுக்கவில்லை. எஞ்சினில் யாரும் கை வைக்கவுமில்லை.

பழைய வண்டி, அதிக பாரம் என்று உங்கள் ஊழியர்கள் சொன்னதற்கும் பதில் எழுத வேண்டியுள்ளது. பாரம் ஏற்றுவதால் கிளச் சற்று விரைவாகத் தேயும் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் முறை வழுக்கத் தொடங்கியபின் மூன்று வாரம் பொறுத்தே வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அதனால் முதல் பற்றுச்சீட்டின் பணத்தை நான் கேட்கவில்லை. ஆனால் வன்னியில் மோட்டார் சைக்கிள் என்பது நெல் மூடையும் மீன் பெட்டியும் பால் கானும் ஏற்றுவதற்கே. இங்கே கிளை திறந்தவர்கள் அதை அறிந்தே திறந்திருக்க வேண்டும்.

ஆகவே, இரண்டாம் முறை அறவிட்ட 7,400 ரூபாயையும், உத்தரவாதக் காலத்துக்குள் நான் வெளியில் செலவிட நேர்ந்த 11,200 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், எந்தச் சோதனையின் அடிப்படையில் போர் அடிக்கச் சொல்லப்பட்டது என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். கார் ஒயில் ஊற்றப்பட்ட ஏனைய வாடிக்கையாளர்களைப் பதிவேட்டிலிருந்து அழைத்து, ஒயிலை இலவசமாக மாற்றிக் கொடுக்கவும் வேண்டும். என் பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர்களில் யாராவது ஒருவர் இந்த நேரம் தனது எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எனக்கு அந்தக் காலம் ஜூலை 22 ஆம் திகதியுடன் முடிகிறது. ஜூலை 17 ஆம் திகதிக்குள் உங்கள் பதில் கிடைக்காவிட்டால், இதே கடிதத்தின் பிரதியை அதிகார சபைக்கு அனுப்புவேன்.

பற்றுச்சீட்டுகள் இரண்டினதும் மதிப்பீட்டுத் தாளினதும் பிரதிகளை இணைத்துள்ளேன். கழற்றிய பிளேட்டுகள், ஸ்பிரிங்குகள், ஒயில் கான் ஆகியவை என் வீட்டில் பத்திரமாக உள்ளன. உங்கள் தொழில்நுட்பவியலாளர் எந்த நாளில் பார்க்க விரும்பினாலும், காலைப் பால் கொடுத்து முடிந்தபின் கொண்டுவந்து காட்டுவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்
(பெயரும் வாகன இலக்கமும் இணைப்பிலுள்ள பற்றுச்சீட்டுகளில் உள்ளவாறு)