டிக்கெட்டில் பறக்கும் நேரத்தையும் தமிழில் போடுங்கள்

திருச்சி – சிங்கப்பூர் தடத்தில் விமானம் விடும் நிறுவனங்களுக்கும், அதற்கு டிக்கெட் போட்டுத் தரும் ஊர்ப்பக்கத்து டிராவல்ஸ்காரர்களுக்கும்,

வணக்கம்.

அக்காவின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்த அம்மா, போன மாதம் தனியாகத் திரும்பி வந்தார். வயது 67. இருபது வருடமாகச் சர்க்கரை, காலையில் இன்சுலின். கையில் இருந்த டிக்கெட் தாளில் இரண்டே நேரங்கள்: புறப்பாடு காலை 10.00, வருகை 11.50. முதல் நாள் போனில் என்னிடம், "ரெண்டு மணி நேரந்தானே தம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவேன்" என்றார். நானும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

காலை 6.30க்கு ஊசி போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பியிருக்கிறார். காசு கொடுத்துச் சாப்பாடு வாங்க வேண்டிய விமானம். சீக்கிரம் இறங்கிவிடுவோம் என்று எதுவும் வாங்கவில்லை. மூன்று மணி நேரம் ஆகியும் கீழே கடல்தான். கை நடுங்கி, நெற்றியெல்லாம் வியர்த்து, பக்கத்து இருக்கைப் பெண் கவனித்துப் பழச்சாறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் பொய் இல்லை. புறப்படும் நேரம் சிங்கப்பூர் கணக்கு, இறங்கும் நேரம் நம்மூர்க் கணக்கு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தூரம் சுமார் 3,000 கிலோமீட்டர். அம்மாவின் விமானத்துக்கு நான்கு மணி இருபது நிமிடம். போகும்போது அதே பயணம் தாளில் ஆறு மணி ஐம்பது நிமிடம் போலத் தெரியும். வரும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம்.

தாளைப் பார்த்தால் இட்லிக்கும் தரையிறங்குவதற்கும் இடையே ஐந்தே கால் மணி சொச்சம். அம்மாவின் உடம்புக்கோ கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். அப்புறம் குடியேற்ற வரிசை, பெட்டி வருவதற்கான காத்திருப்பு.

இந்தத் தடத்தில் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து எத்தனை அம்மாக்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கத் தனியாகப் போய்வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பாதிப் பேருக்கு மாத்திரைப் பை உண்டு. இணையத்தில் தேடினால் பயண நேரம் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். அவர்கள் கையில் இருப்பது நீங்கள் கொடுக்கும் தாள்தான்.

அதில் தமிழில் இரண்டு வரி போதும்: "விமானத்தில் இருக்கும் நேரம் 4 மணி 20 நிமிடம். இறங்கும் நேரம் இந்திய நேரப்படி." கிளம்பியதும் இதையே ஒருமுறை தமிழில் அறிவித்தால் இன்னும் நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் அப்போதே ஏதாவது வாங்கிச் சாப்பிடுவார்கள். டிராவல்ஸ்காரர்களே, அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாளைக் கொடுக்கும்போது பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

தை மாதம் அம்மா மறுபடி போகிறார். அவர் தாளில் நான் எழுதிவிடுவேன். எழுதித் தர ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மகன்