‘சின்னத் திருத்தம்தானே’ என்று சொல்லும் முன்

ஆசிரியருக்கு,

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் தொடங்குமுன் விடுதிக்காரர் பிரசுரமும் பெனரும் கேட்டு வருவார்கள். திருவிழாக் காலத்தில் கோயில் நோட்டீஸும் சேரும். இந்த நாட்களில் திருகோணமலை விளம்பர நிலையங்களில் எழும் மனக்கசப்புகளுக்குப் பெரும்பாலும் திருத்தங்களே காரணம். பணம் கொடுப்பவர் திருத்தம் கேட்பார், கேட்கவும் வேண்டும். எத்தனை தடவை, யார் மூலம், எந்தக் கட்டம்வரை என்று முதல்நாளே பேசாமல் விடுவதால்தான் சிக்கல் வருகிறது.

விலைக்கூறிலேயே இதை எழுதிவிடலாம். வடிவமைப்பாளர்களான எங்கள் கையால் வந்த எழுத்துப்பிழையை எப்போது கண்டாலும் இலவசமாகத் திருத்த வேண்டும். வாடிக்கையாளர் மனம் மாறிக் கேட்பவற்றில் இரண்டு சுற்று விலைக்குள் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். குடும்பங்களுக்கான விளம்பரம் என்று தொடங்கி, பாதியில் சுழியோடிகளுக்கானது என்று மாறினால் அது புதிய வேலை, புதிய விலை. ‘திருத்தம் இலவசம்’ என்று மொட்டையாகப் போடுகிறவர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறார்.

அடுத்தது, யார் சொல்வதைக் கேட்பது. கோயில் நோட்டீஸில் இது பெரிய தலையிடி. தலைவர் ஒன்று சொல்வார், செயலாளர் அதை மாற்றுவார், பொருளாளர் இரவு பத்து மணிக்கு உபயகாரர் பெயர் ஒன்று விடுபட்டதாக அழைப்பார். எந்த நாள் யாருடைய உபயம், யார் பெயர் முன்னால் என்பதெல்லாம் சபை தீர்க்க வேண்டியவை. வடிவமைப்பாளரின் மேசையில் தீர்க்க முடியாது. சபையில் ஒருவரை நியமித்து, எல்லாத் திருத்தங்களையும் ஒரே தாளில் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அழைத்தால், “அவரிடம் சொல்லுங்கோ ஐயா, அவர் அனுப்பினதும் செய்து தாறம்” என்ற ஒரு பதில் போதும்.

“லோகோவைப் பெருசாக்குங்கோ” என்று கேட்டதும் மவுஸைப் பிடித்து இழுக்காமல், ஏன் என்று கேளுங்கள். வீதியில் போகிறவருக்குக் கடைப்பெயர் தெரியவில்லை என்பார். அதற்குச் சுற்றியுள்ள படங்களைக் குறைத்தாலே போதுமாக இருக்கும். பெனருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து, 100 அடிக்கு 10 அங்குலம். தமிழில் மேலே ஏறும் சுழியையும் கீழே இறங்கும் காலையும் விட்டு, நடு உடலை மட்டும் அளக்க வேண்டும். முழு உயரத்தை அளந்தால் எழுத்து சிறுத்துவிடும்.

ஓப்செற் அச்சில் ‘ஒரு இலக்கம்தானே’ என்பது எப்போதும் சின்ன வேலை இல்லை. நான்கு வண்ண அச்சுக்கு, மைக்கு ஒன்றாக, நான்கு பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தாக இருந்தால் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். வண்ணப் பின்னணியைக் குடைந்து வெள்ளை எழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பின்னணி எத்தனை மையால் ஆனதோ அத்தனை பிளேட்டையும் மாற்ற வேண்டும். ஆகவே மாறக்கூடிய திகதி, நேரம், கட்டணம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை முதலிலேயே வெளிர் பின்னணியில் கறுப்பில் வைப்பது புத்தி. வடிவமைப்புப் பழகும் பிள்ளைகளுக்கு நிறச் சேர்க்கைக்கு முன் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

மும்மொழிப் பிரசுரத்தில் ஒரு திருத்தம் மூன்று திருத்தம். தமிழில் மாலை 6 மணி என்று மாற்றி, சிங்களத்தில் 5 மணியாகவே விட்ட பிரசுரங்கள் வெளிவரத்தான் செய்கின்றன. தமிழில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வாடிக்கையாளர் போனில் யுனிகோட்டில் எழுதி அனுப்புவார், இங்கே பலர் இன்னும் யுனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். ஒன்றை மற்றதாக்கும் மாற்றி மென்பொருளால் மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவற்றையும் கொம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளை வரைகோடுகளாக்கினால் (அவுட்லைன்), அவை வெறும் வடிவங்களாகிவிடும், பிறகு தட்டச்சில் திருத்த முடியாது. அதற்கு முந்திய பிரதியைத் திகதியும் இலக்கமும் இட்டுத் தனியே வையுங்கள். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயரிட்டால் எதை அச்சுக்கு அனுப்பினோம் என்று வைத்தவருக்கே தெரியாது.

வாடிக்கையாளர்களே, நிறத்தைப் போன் திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். திரையின் பளிச்சென்ற பச்சையும் செம்மஞ்சளும் மையில் மங்கும். அச்சிடப்போகும் அதே தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பதே வழி. லோகோவை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

குரல்பதிவில் வரும் திருத்தங்களுக்கு எழுத்தில் பதில் போக வேண்டும்: “1. தொலைபேசி இலக்கம் மாற்றம். 2. காலை உணவு இலவசம் என்ற வரி சேர்ப்பு. 3. பின்னணி கடல் நீலம். வேறு மாற்றம் இல்லை. சரியா?” அவர் ‘சரி’ என்று எழுதிய பிறகே கையை வைக்க வேண்டும். கடைசிப் புரூஃபில் (சரிபார்ப்புப் பிரதியில்) கையொப்பம் வாங்குமுன் அதிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். கண் வாசிக்கும்போது தவறவிடும் இலக்கத்தை மணியடிப்பது காட்டிக் கொடுக்கும். கியூஆர் குறியீட்டையும் தாளில் அச்சிட்ட அளவிலேயே ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

மரண அறிவித்தலுக்கு மட்டும் இந்தச் சுற்றுக் கணக்கு வேண்டாம். அங்கே திருத்தம் பெரும்பாலும் உறவுமுறைப் பட்டியலில்தான் வரும். பட்டியலை வீட்டார் ஒருவருக்குப் போனில் மெதுவாக வாசித்துக் காட்டி, யார் யாருடைய மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று உறுதிசெய்த பின்னரே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
விளம்பர வடிவமைப்பாளர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.