கடிதம் முடிக்கேக்க கெஞ்சத் தேவையில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கட பேப்பரில மாணவர் பக்கத்தில கட்டுரை, சுருக்கம் எல்லாம் வருது, சந்தோசம். அதோட அலுவலகக் கடிதத்தை எப்பிடி முடிக்கிறதெண்டும் ஒருக்காப் போடுங்கோ, பிள்ளையளை விட பெரியாக்களுக்குத்தான் அது அவசரமாத் தேவைப்படுது.

கிளிநொச்சிப் பக்கம் காணி பெர்மிட்டில பேர் மாத்துறதெண்டாலும் வாய்க்கால் திருத்துறதெண்டாலும் எல்லாத்துக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் கடிதம்தான், அயலுக்குள்ள கன பேர் என்னட்ட எழுதித் தரச்சொல்லிக் கேட்டு வாறவை. கிட்டடியில ஒரு அம்மா, மனுசன் செத்தாப்பிறகு பெர்மிட்டைத் தன்ர பேருக்கு மாத்த வேற ஆரோ எழுதிக் குடுத்த கடிதத்தைக் கொண்டு வந்தவ. "தம்பி, கடைசியில இன்னும் கொஞ்சம் பணிஞ்சு எழுதிவிடப்பு, ஐயாவுக்கு மனம் இரங்கும்" எண்டு கேட்டவ. வாசிச்சுப் பார்த்தா ஏற்கனவே "தங்கள் பாதம் பணியும் ஏழை" எண்டு முடிச்சுக் கிடக்கு, ஆனா பெர்மிட் இலக்கம் இல்லை, கிராம அலுவலர் பிரிவு இல்லை, போன் நம்பரும் இல்லை. கந்தோரில பைலைத் தேடி எடுக்கிற ஆள் என்னத்தை வச்சுத் தேடுறது, சொல்லுங்கோ?

எனக்கு இதில உண்மையாவே மனவருத்தம். அந்தக் காணி அவவின்ர காணி, பிச்சை கேட்டுப் போகேல்லை. "மதிப்பிற்குரிய ஐயா" இல்லாட்டி "அம்மணி" எண்டு தொடங்கி, விசயத்தைச் சொல்லி, கடைசியில "நன்றி" போட்டு, கீழ "இங்ஙனம், உண்மையுள்ள" எண்டு எழுதிக் கையெழுத்து வச்சா மரியாதை தாராளமாக் காணும். "பணிவுடன்" எண்டு போட விருப்பமெண்டா அதுவும் பிழையில்லை. "கீழ்ப்படிவுள்ள" பள்ளிக்கூடப் பிள்ளை அதிபருக்கு எழுதுறதுக்குச் சரி, வளர்ந்த சனம் அதிகாரிக்கு எழுத வேண்டாம். "அன்புடன்" சொந்தக்காரருக்கு.

கையெழுத்துக்குக் கீழ முழுப்பேர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன் நம்பர். இன்னொரு கந்தோருக்கும் அனுப்புறதெண்டா அதுக்குக் கீழ "பிரதி" எண்டு போடுங்கோ. குடுக்கேக்க ஒரு கொப்பியில திகதி சீல் அடிச்சு வாங்கி வையுங்கோ, பேந்து இழுபட்டா அதுதான் கைகுடுக்கும்.

தகவல் கேட்டு எழுதுற கடிதத்தில கூட "கருணை கூர்ந்து" எண்டு எழுதுகினம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஏன் கேக்கிறம் எண்டு காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லவேணும். கொழும்புக்கு எழுதுறதெண்டாலும் தமிழிலயே எழுதலாம், அதுவும் எங்கட உரிமை.

ஒரு மாதிரிக் கடிதத்தை முழுசா, விலாசத்தில இருந்து கையெழுத்து வரைக்கும், வெட்டி எடுத்து வைக்கக்கூடிய அளவில போட்டீங்களெண்டா கன சனத்துக்கு உதவும்.

நன்றி.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
கண்டாவளை.