21 நாள் கணக்கும் ஜெபமும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

சேசுவின் ஆசீர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சின்னவனுக்கும்.

"கல்யாணத்துக்கு அப்புறம் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவள், கழுத்தில் கட்டி வந்ததும் சாமியைத் தேடினால் அது சுயநலம்தானே அம்மா?" என்று கேட்டிருந்தாய். சுயநலம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். நற்செய்தியில் இயேசுவைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். யாயீர் மகள் சாகக் கிடந்ததால் ஓடி வந்தார். பர்த்திமேயு கண் தெரியாததால் தெருவோரத்தில் கத்தினார். 12 வருஷம் இரத்தப்போக்கில் கஷ்டப்பட்ட பெண், கையில் இருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் கரைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்தாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று இவர்களில் யாரையும் அவர் கேட்கவில்லை. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வலிப்பு வந்த பையனுடைய அப்பா, நம்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில் என் அவநம்பிக்கை போக உதவி செய்யும் என்கிறார். அந்த அரை நம்பிக்கைக்கே பையன் எழுந்து நின்றான். ஆகவே அந்தக் கேள்வியை இதோடு விடு. எப்படி ஜெபிக்கிறது என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கழுத்துக் கட்டி லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், அதற்கு உனக்குக் கொடுப்பது ஆர்-சாப் (R-CHOP) என்கிற கீமோ மருந்துக் கூட்டு. 21 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 6 சுற்று. இந்த 21 நாளும் உடம்பு ஒரே மாதிரி இருக்காது, மனசும் உடம்பின் பின்னாலேயே போகும். இது தெரியாமல், சோர்வு வந்த அன்றைக்கு "எனக்கு விசுவாசமே இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அதனால் நாள் கணக்குப் பார்த்து ஜெபி.

முதல் 5 நாள் ப்ரெட்னிசோலோன் மாத்திரை இருக்கும். அது ஸ்டீராய்டு. தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், மனசைப் படபடவென்று ஓட வைக்கும். காலைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள். சாயங்காலம் போட்டால் ராத்திரி 2 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாய். அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் கைபேசியில் நோயைப் பற்றித் தேடாதே. அந்த நேரத்துக்குத்தான் திருப்பாடல்கள். 13-ஆவது திருப்பாடல் ஆறே வசனம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத்தான் தொடங்கும். 150 பாடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி முறையிடுகிற பாட்டுத்தான், நாம் கோயிலில் பாடுவது மட்டும் பெரும்பாலும் சந்தோஷப் பாட்டு. சாமியிடம் கோபத்தைச் சொல்வது பாவம் என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யோபு கோபப்பட்டுத்தான் பேசினார். கடைசியில் ஆண்டவர் கண்டித்தது அவரை இல்லை, ஆறுதல் சொல்ல வந்து உபதேசம் பண்ணிய அந்த மூன்று நண்பர்களைத்தான்.

6-ஆம் நாளிலிருந்து 8-ஆம் நாள் வரை கவனமாக இரு. மாத்திரை நின்றதும் உடம்பு அப்படியே விழும். காரணமில்லாமல் அழுகை வரும், ஜெபம் வாயில் வராது, செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தோன்றும். இந்த மூன்று நாளில் கடவுளைப் பற்றியும் உன்னைப் பற்றியும் எந்தத் தீர்ப்பும் எழுதாதே. நீ ஜெபிக்கக்கூட வேண்டாம், மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு படுத்திரு. அவர் நம் மதம் இல்லை என்றால் என்ன, 88-ஆவது திருப்பாடலைப் படிக்க ஞானஸ்நானம் தேவையில்லை. அது இருட்டிலேயே முடிகிற பாட்டு. ஆறுதல் வரி ஒன்றும் இருக்காது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியது நான்கு பேர். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களுடைய நம்பிக்கையை. ஆனால் ஒன்று, அடுத்த சுற்று வரைக்கும் அழுகை நிற்கவில்லை, எதிலும் ஈடுபாடு இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடு. மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது, அதைச் சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளையணு குறைந்திருக்கும். கோயில் கூட்டம், துக்க வீடு, கல்யாண வீடு எதுவும் கூடாது. ஞாயிறு பூசையை வீட்டிலிருந்தே பார், நோயாளிக்கு அந்தக் கடன் இல்லை. நற்கருணை வேண்டுமென்றால் பங்குத்தந்தைக்குச் சொன்னால் வீட்டுக்கே வரும். வாய்ப்புண் இருந்தால் முழு அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இழுக்கும், உயிர் போகும். சின்னத் துண்டு போதும் என்று முன்னாலேயே கேள். நாக்கில் வைத்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடி. நற்கருணைக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாச விதி நோயாளிக்கும் கிடையாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது. அதேபோலத் தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, முட்டையும் களியும் கறிக்குழம்பும் சாப்பிடு.

இந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டுக் கிளம்பு. முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதே. அது காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஜெபமாலை முடித்துவிட்டுப் போகலாம் என்றும் வேண்டாம், வண்டியில் சொல்லிக்கொள்ளலாம்.

15-ஆம் நாளுக்கு மேல் தெம்பு வரும். பூசைக்குப் போவதை அப்போது வைத்துக்கொள். காலைக் கூட்டமில்லாத பூசை, ஜன்னலோர இடம், முகக்கவசம். வாசலில் இருக்கிற தீர்த்தத் தொட்டியில் விரல் வைக்காதே, எத்தனை பேர் கை பட்ட தண்ணீர் அது. சமாதானம் சொல்லும்போது கை கொடுக்காமல் கும்பிடு. முடி கொட்டியதற்குக் கூச்சப்பட்டாயே, நம் கோயிலில் முக்காடு போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அந்தக் கூட்டில் இருக்கிற வின்கிரிஸ்டின் மருந்தால் விரல் நுனி மரத்துப் போகும். பிளவுஸ் ஊக்கு மாட்டுவதே கஷ்டமாகும், சின்ன ஜெபமாலை மணி எப்படிக் கையில் நிற்கும்? எண்ணிக்கை தவறித் தவறி எரிச்சல்தான் வரும். சுண்டைக்காய் அளவு மர மணி வைத்த மாலை இருக்கிறது, அதை அனுப்புகிறேன். 53 மணி முடியாத அன்றைக்கு ஒரு பத்து மணி. அதுவும் முடியாவிட்டால் கையில் பிடித்துக்கொண்டு தூங்கு.

நோயில் பூசுதல், அதாவது சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு, அதைப் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய தப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அவஸ்தைப் பூசுதல் என்று சொல்லிச் சொல்லி, சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் முடிந்தது என்று வீட்டுக்காரர்கள் பயந்து, நினைவு தப்பின பிறகுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1972-ல் சடங்கைத் திருத்தியபோதே இது மாறிவிட்டது. கடும் நோய் என்று தெரிந்ததும் வாங்கலாம், பெரிய ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போது வாங்கினால்தான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்ய முடியும். அடுத்த கீமோவுக்கு முந்தின வாரம் பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைத்துவிடு. சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுருபம் (சிலுவை), மெழுகுவர்த்தி, கொஞ்சம் பஞ்சு இவ்வளவு போதும். பாவசங்கீர்த்தன நேரத்தில் மாப்பிள்ளையும் அத்தையும் வெளியே இருக்கட்டும். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசுவார். கையில் ஊசி மாட்டியிருந்தால் சொல்லிவிடு, அவசியத்துக்கு நெற்றியில் மட்டும் பூசினாலே செல்லும். பின்னால் கதிர்வீச்சு கொடுத்தால் அந்த இடத்துத் தோலில் எந்த எண்ணெயும் படக் கூடாது. ஆக்சிஜன் ஓடுகிற அறையாக இருந்தால் மெழுகுவர்த்தியே கூடாது.

அத்தை தங்கள் கோயில் கயிற்றைக் கட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் பாசத்துக்கு அவருக்குத் தெரிந்த வழி அது, சண்டை போடாதே. மருந்து ஏற்றுகிற கையில் மட்டும் இறுக்கமாக எதுவும் வேண்டாம் என்று சொல், புரிந்துகொள்வார். ஸ்கேன் எடுக்கும்போது உன் பதக்கத்தையும் கழற்றத்தான் வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது, உன்னைச் சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களே, அதுதான். ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கட்டும், நன்றி சொல்லி வாங்கிக்கொள். "விசுவாசம் இருந்தால் ஊசியை நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடு. இரண்டு மூன்று சுற்றில் கழுத்துக் கட்டி கரைந்து, தடவினால் ஒன்றும் தெரியாது. சுகமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்கள் சரியாக அப்போதுதான் நிறுத்துகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல் இருக்கும் என்பது மருத்துவக் கணக்கு. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அளவுக்குச் சுருங்கின பிறகும் லட்சக்கணக்கில் மிஞ்சியிருக்கலாம். கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை விடுகிற கதைதான், திரும்ப முளைக்கிறது பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். கல்லீரலைக் கெடுக்கிற பச்சிலைச் சாறு, பொடி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். டாக்டருக்குத் தெரியாமல் ஒன்றும் வேண்டாம்.

வேதத்தில் ஜெபமும் மருந்தும் சண்டை போடுவதே இல்லை. அரசர் எசேக்கியா சுவர்ப் பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். ஆண்டவர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், ஆனாலும் இறைவாக்கினர் எசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின் மேல் வைத்தார். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் முதல் 15 வசனத்தையும் படித்துப் பார்: ஜெபம் பண்ணு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று இருக்கும். புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யில் இருக்கிற உன் தோழிகளின் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இருக்காது, நம் திருவிவிலியத்தில் பார். நீ போகிற வேலூர் ஆஸ்பத்திரியே ஜெபத்தில் தொடங்கினதுதான், ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது.

சுகம் கிடைக்குமா என்று நேராகவே கேட்டிருந்தாய். இந்த வகை லிம்ஃபோமாவில் இந்த மருந்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். அதைக் கேட்டு ஜெபி, கூச்சப்படாமல் கேள். கட்டாயம் கிடைக்கும் என்று ஆண்டவர் பெயரில் வாக்குக் கொடுக்க எனக்கோ எந்தப் போதகருக்கோ அதிகாரம் இல்லை. பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை வேண்டினார், எடுக்கப்படவில்லை. என் அருள் உனக்குப் போதும் என்பதுதான் கிடைத்த பதில். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே. கிறிஸ்தவளுக்கு நம்பிக்கை என்பது உயிர்ப்பின் மேல். 6-ஆவது சுற்று முடிந்து ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அது வேண்டும், வராவிட்டாலும் வேண்டும்.

தம்பி வியாழக்கிழமை காலை வருகிறான். நம் ஊருக்கு ரயில் இல்லாத குறை தீரவா போகிறது, முதல் பஸ்ஸில்தான் ஏறுவான். பெரிய மணி ஜெபமாலை, புது தெர்மாமீட்டர், நான்கு கிலோ கேழ்வரகு மாவு கொடுத்து விடுகிறேன். தோட்டத்து மாங்காயும் வரும். நன்றாகக் கழுவி, வீட்டிலேயே தோல் சீவிச் சாப்பிடு, பஸ் ஸ்டாண்டில் நறுக்கி விற்பதைத் தொடாதே. போன தடவை இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எவ்வளவு வந்தது என்று அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, மாப்பிள்ளை மறந்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா